லேன் போர்ட் மட்டும் உள்ள ஏவி ரிசீவரை வைஃபையில் சேர்ப்பது எப்படி?

#1 தாளம்தப்பி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு 7.1 ஏவி ரிசீவர் (டிவி, பாட்டு எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கிச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது. வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, சத்தத்தில் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை, அதனால் மாற்றும் எண்ணமும் இல்லை. பின்பக்கம் ஒரு லேன் போர்ட் (நெட்வொர்க் ஒயர் சொருகும் துளை) உண்டு, வைஃபை கிடையாது. இத்தனை நாளும் அந்த போர்ட்டில் தூசிதான் குடியிருந்தது. போன வாரம் எதற்கோ கையேட்டைப் புரட்டியபோதுதான் இன்டர்நெட் ரேடியோ, கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டும் படமும் பகிரும் முறை) வழியாக எடுத்துப் பாடுவது, போனையே ரிமோட் ஆக்கும் ஆப் என்று மூன்று சமாச்சாரம் இதில் இருப்பதே தெரிந்தது.

ரூட்டர் முன்னறையில், ரிசீவர் இரண்டு சுவர் தாண்டி உள்ளறையில். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. கம்ப்யூட்டருக்கு விற்கிற யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை முன்பக்க யூஎஸ்பியில் சொருகிப் பார்த்தேன், ஒரு அசைவும் இல்லை. டாங்கிள் கெட்டுவிட்டதா, இல்லை நான்தான் எதையோ தப்பாகச் செய்கிறேனா?

#2 பழையஆம்ப்

இரண்டும் இல்லை தம்பி. அந்த யூஎஸ்பி பென்டிரைவ் படிப்பதற்காக வைத்தது. டாங்கிள் ஓட வேண்டுமானால் அதற்கான டிரைவர் ரிசீவரின் மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும், நாமாக ஏற்ற வழியில்லை.

அந்தக் காலத்தில் கம்பெனிகளே தங்கள் ரிசீவருக்கென்று தனி அடாப்டர் விற்றார்கள். ஆன்கியோவின் யூடபிள்யூஎஃப்-1 யூஎஸ்பியில் சொருகுவது, அதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆன்கியோ மாடல்களில் மட்டும்தான் ஓடும். யமஹாவின் ஒய்டபிள்யூஏ-10, பயனியரின் ஏஎஸ்-டபிள்யூஎல்300 இரண்டும் லேன் போர்ட்டில் சொருகுகிற வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதற்குள் இருப்பது வெறும் வைஃபை பிரிட்ஜ், அதாவது வைஃபையை வாங்கி லேன் ஒயரில் கொடுக்கும் பாலம். ரிசீவருக்கு வைஃபை என்று ஒன்று வந்திருப்பதே தெரியாது, யாரோ ஒயர் சொருகியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். ஆகவே அந்தப் பழைய அடாப்டர்களைத் தேடி அலைய வேண்டாம், பிரிட்ஜ் வேலை பார்க்கிற எந்தச் சின்ன ரூட்டரும் போதும்.

#3 கம்பிக்கச்சேரி

ஒயர் ஒயர்தான். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும், தட்டைக் கேபிள் வாங்கினால் கதவுக்கு அடியிலேயே போய்விடும், துளையெல்லாம் வேண்டாம். ரிசீவரின் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதனால் கேட்7 கேட்8 என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். ஒரு தடவை இழுத்துவிட்டால் பத்து வருஷம் அதை மறந்துவிடலாம். வைஃபையை மறக்க முடியுமா?

#4 தாளம்தப்பி

கம்பிக்கச்சேரி சார், நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் இரண்டு கதவு, ஒரு நடை, கால் தடுக்கக் காத்திருக்கும் ஒரு பாட்டி. ஒயர் பேச்சை வீட்டில் எடுத்துப் பார்த்துவிட்டேன், தீர்ப்பு வந்துவிட்டது, அப்பீல் கிடையாது. பழையஆம்ப் அண்ணா, அந்தப் பிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

#5 குறுக்குவழி

எதற்கு இவ்வளவு பாடு? எச்டிஎம்ஐ ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை ரிசீவரின் பின்னால் சொருகுங்கள். வைஃபை அதிலேயே இருக்கிறது, ஆப் எல்லாம் அதிலேயே இருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

#6 பழையஆம்ப்

குறுக்குவழி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பாட்டு கேட்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நானும் அதையே சொல்வேன், பத்து வருஷம் முந்தைய ரிசீவரின் மெனுவை விட ஸ்டிக்கின் மெனு ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஸ்டிக்கில் பாட்டுத் தேட டிவியைப் போட வேண்டியிருக்கும், ரிசீவரின் சொந்த ஆப்பும் வேலை செய்யாது. படுத்துக்கொண்டே போனில் சத்தத்தைக் குறைப்பது, ஸோன் 2 (இன்னொரு அறை) ஸ்பீக்கரை மட்டும் அணைப்பது, இதற்கெல்லாம் ரிசீவரே நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும்.

சரி, பிரிட்ஜ். மூன்று வழி இருக்கிறது.

உங்கள் வீட்டில் மெஷ் வைஃபை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருவது) இருந்தால், ரிசீவருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியின் பின்னால் லேன் போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு முழ ஒயரோடு கதை முடிந்தது. அடுத்தது ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். சுவர் பிளக்கில் சொருகும் அந்த வகையில் பலவற்றின் அடியில் ஒரு லேன் போர்ட் இருக்கும், வைஃபையை வாங்கி அந்த போர்ட் வழியாகக் கொடுக்கும். மூன்றாவது, உள்ளங்கை அளவு பயண ரூட்டர். அதன் அமைப்புப் பக்கத்தில் மோட் என்று ஒரு பட்டியல் வரும், அதில் கிளையன்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில கம்பெனிகள் இதையே பிரிட்ஜ் என்கின்றன, சில மீடியா பிரிட்ஜ் என்கின்றன, சில அடாப்டர் மோட் என்கின்றன. பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது.

பழைய ரூட்டர் ஏதாவது பரணில் கிடந்தால் முதலில் அதில் இந்த மோட் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவது அப்புறம்.

#7 தாளம்தப்பி

பரணில் ஒன்றும் இல்லை, பயண ரூட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். லேப்டாப்பை ஒயரில் மாட்டி, பக்கத்தைத் திறந்து, என் வைஃபை பெயரைத் தேடிப் பிடித்துக் கடவுச்சொல் கொடுத்து, ரிசீவரில் சொருகினேன். இன்டர்நெட் ரேடியோ பாடியது! நடு ராத்திரியில் எங்கோ ஒரு நிலையத்தில் யாரோ வீணை வாசித்துக்கொண்டிருக்க, வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டித் திட்டு வாங்கினேன்.

ஆனால் போன் ஆப் ‘சாதனம் எதுவும் இல்லை’ என்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள பாட்டுப் பெட்டகமும் ரிசீவரின் திரையில் வரவில்லை. இன்டர்நெட் வருகிறது, வீட்டுக்குள் இருப்பது மட்டும் தெரியவில்லை. இது என்ன கூத்து?

#8 ஐபிசித்தர்

இரண்டு எண் மட்டும் சொல்லுங்கள். போனின் ஐபி (நெட்வொர்க் முகவரி) என்ன? ரிசீவரின் நெட்வொர்க் மெனுவில் காட்டும் ஐபி என்ன?

#9 தாளம்தப்பி

போன் 192.168.1.34
ரிசீவர் 192.168.0.100

#10 ஐபிசித்தர்

நினைத்தேன். நீங்கள் வைத்திருப்பது கிளையன்ட் மோட் இல்லை, விஸ்ப் மோட். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், இரண்டிலும் உங்கள் வைஃபையைத் தேடிக் கடவுச்சொல் கொடுக்கிற படி ஒன்றேதான், அதனால் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள்.

விஸ்ப் மோடில் அந்தச் சின்னப் பெட்டி தானே ஒரு முழு ரூட்டராகிவிடுகிறது. தனக்கென்று 192.168.0 என்று ஒரு தெருவை உண்டாக்கி ரிசீவரை அதில் குடிவைக்கிறது. போனும் கம்ப்யூட்டரும் 192.168.1 தெருவில். ரிசீவர் வெளியே போய் ரேடியோவைக் கூட்டி வர முடியும், ஏனென்றால் நடுவில் உள்ள பெட்டி முகவரியை மாற்றி அனுப்பிவிடும். ஆனால் ஆப் என்ன செய்கிறது? ‘இங்கே யாராவது ரிசீவர் இருக்கிறீர்களா’ என்று பொதுவாகக் கூவுகிறது. டிஎல்என்ஏ வகையறா கூவுவது 239.255.255.250 என்ற முகவரியில், 1900-ஆம் போர்ட்டில். ஏர்ப்ளே வகையறா 224.0.0.251, போர்ட் 5353. இந்தக் கூவல்கள் அந்தந்தத் தெருவோடு நின்றுவிடும், ரூட்டரைத் தாண்டாது. உங்கள் போன் கூவுகிறது, அடுத்த தெருவில் இருக்கும் ரிசீவருக்குக் காதில் விழவில்லை, அவ்வளவுதான் கூத்து.

செய்ய வேண்டியது: மோடை கிளையன்ட் என்று மாற்றுங்கள். பெட்டியின் டிஎச்சிபி சர்வரை அணையுங்கள், முகவரி கொடுக்கிற வேலை பெரிய ரூட்டருக்கு மட்டும். பெட்டியின் சொந்த ஐபியை 192.168.1.250 என்று, வேறு யாரும் பயன்படுத்தாத ஒன்றாக வையுங்கள், இதை மறந்துவிடாதீர்கள். அப்புறம் ரிசீவரை ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் போடுங்கள், பழைய முகவரியைச் சிலது விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருக்கும்.

மாற்றிய பிறகு ரிசீவர் 169.254 என்று தொடங்கும் ஐபி காட்டினால், யாரும் முகவரி தராமல் அது தானே ஒன்று சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். கடவுச்சொல்லைத் திரும்பப் பாருங்கள்.

#11 தாளம்தப்பி

மாற்றினேன். ஆனால் சொந்த ஐபியை மாற்றும் படியை விட்டுவிட்டேன் (ஆம், மறந்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள், பார்த்தேன்). இப்போது பெட்டியின் பக்கம் லேப்டாப்பில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, பக்கவாட்டுத் துளைக்குள் விட்டு, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தேன். பச்சை விளக்கு படபடவென்று அடித்தது, முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை ஐபியை முதலில் மாற்றினேன்.

ரிசீவர் இப்போது 192.168.1.41. ஆப் திறந்த உடனே பெயர் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரின் பாட்டுப் பட்டியலும் வந்துவிட்டது. சித்தரே, கையைக் கொடுங்கள்!

#12 ஐபிசித்தர்

சந்தோஷம். பின்னால் வருகிறவர்களுக்காக ஒன்று: பூட்டிக்கொண்ட அந்த நேரத்தில் ரீசெட் தேவைப்பட்டிருக்காது. லேப்டாப்புக்குக் கையால் 192.168.0.50 என்று ஒரு ஐபி கொடுத்திருந்தால் பக்கம் திறந்திருக்கும். கிளையன்ட் மோடில் பெட்டி முகவரி தருவதை நிறுத்திவிடுகிறது, லேப்டாப்போ பெரிய ரூட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு வேறு தெருவில் நின்று கதவைத் தட்டுகிறது.

#13 நடுநிசி_எஃப்எம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் ரிசீவரில் வைஃபை உள்ளேயே இருக்கிறது, பின்னால் இரண்டு ஆன்டெனாக் குச்சி. மூன்று வருஷம் ஒழுங்காக ஓடியது. போன மாதம் ரூட்டர் மாற்றினோம், அதிலிருந்து சேர மாட்டேன் என்கிறது. பெயரைப் பட்டியலில் காட்டுகிறது, கடவுச்சொல்லை ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தால் கடைசியில் ‘இணைப்பு தோல்வி’. இருபத்தி நாலு எழுத்துக் கடவுச்சொல். மூன்று தடவை அடித்துவிட்டேன். ரிமோட்டைச் சுவரில் எறியும் நிலைமை.

#14 கம்பிக்கச்சேரி

இதற்குத் தனி இழை திறக்கலாமே? இது லேன் போர்ட் மட்டும் உள்ள ரிசீவருக்கான இழை.

#15 பழையஆம்ப்

இருக்கட்டும் விடுங்கள் கம்பி, தேடி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டுமே. தலைப்பில் வைஃபை என்று இருக்கிறதல்லவா.

#16 ஐபிசித்தர்

நடுநிசி, ரிமோட் பாவம். பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் சேரவில்லை என்றால் முதல் சந்தேகம் பாதுகாப்பு முறை மேல். புது ரூட்டர்களில் சிலவற்றை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருப்பார்கள். டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல், அதற்கு முன் செய்த ரிசீவர்களுக்கு அந்தப் பாஷையே தெரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றுங்கள். மாற்றியும் சேரவில்லையென்றால் பிஎம்எஃப் (வைஃபையின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான காவல்) என்று ஒரு அமைப்பு இருக்கும், அது ‘கட்டாயம்’ என்று இருந்தால் ‘இருந்தால் சரி’ என்பதற்கு மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் வெறும் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையின் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாதுகாப்பும் இல்லை, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

இன்னொன்று. வைஃபை பெயரில் பொம்மைக் குறியோ தமிழ் எழுத்தோ இருக்கிறதா? வைஃபை பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ‘கு’ என்று எழுதினாலே ககரத்துக்கும் உகரக் குறிக்கும் சேர்த்து 6 பைட் போய்விடும். பத்துக் குறிக்கு மேல் இடமில்லை. போன்கள் இதைப் பிழையில்லாமல் காட்டும், பழைய ரிசீவர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும் அல்லது காட்டாமலே விட்டுவிடும்.

எழுத்தெழுத்தாக அடிக்கும் தண்டனையிலிருந்து தப்ப: ரூட்டரில் டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் அடிக்காமல் சேர்க்கும்) பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு இரண்டு நிமிஷத்துக்குள் ரிசீவரிலும் அழுத்துங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்ற நிலையில் அது ஓடாது, முதலில் மேலே சொன்னதை மாற்றிவிட்டு வாருங்கள். ஐபோன் வைத்திருந்தால் வைஃபை அமைப்பை ரிசீவருக்கு அப்படியே கடத்தும் வசதி பல மாடல்களில் உண்டு, மெனுவில் தேடுங்கள்.

#17 நடுநிசி_எஃப்எம்

டபிள்யூபிஏ3 மட்டும் என்றுதான் இருந்தது!! கலப்புக்கு மாற்றிய அடுத்த நிமிஷம் சேர்ந்துவிட்டது. போன மாதம் முழுக்க அந்தக் கம்பெனிக்காரர்களை மனசுக்குள் திட்டியதெல்லாம் வாபஸ். வைஃபை பெயரில் ஒரு நிலாப் பொம்மையும் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன், பிள்ளைக்குத்தான் கோபம்.

#18 தாளம்தப்பி

திரும்பவும் நான்தான். ஒரு வாரம் கேட்டாயிற்று, இரண்டு தொல்லை.

ஒன்று, எம்பி3 எல்லாம் ஜோராக ஓடுகிறது, ஆனால் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டுக் கோப்பு) போட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விக்கல். வைஃபைக்கு வேகம் போதவில்லையா?

இரண்டு, காலையில் போன் ஆப்பில் ரிசீவரை ஆன் செய்ய முடியவில்லை, பெயரே வராது. எழுந்து போய்க் கையால் ஆன் செய்தால் ஒரு நிமிஷம் கழித்து ஆப்பில் வருகிறது. நெட்வொர்க் ஸ்டாண்ட்பை ஆன் செய்துதான் வைத்திருக்கிறேன்.

#19 குறுக்குவழி

ஸ்டிக்.

#20 ஐபிசித்தர்

முதலில் வேகக் கணக்கைப் போட்டுவிடுவோம். 192000 பெருக்கல் 24 பெருக்கல் 2 சேனல், நொடிக்கு 9.2 மெகாபிட். ஃபிளாக் சுருக்கிய பிறகு அதைவிடக் குறைவு. சிடி தரம் 1.4 மெகாபிட். உங்கள் பெட்டி ரொம்ப மோசமான நாளிலும் 20 தரும். வேகம் இல்லை பிரச்சினை. நடுநடுவே இரண்டு மூன்று நொடி ஒன்றுமே வராமல் நின்றுபோகிறது. எம்பி3-யில் ரிசீவர் முன்கூட்டி வாங்கி வைத்த சேமிப்பு அந்த இடைவெளியைச் சமாளித்துவிடுகிறது, பெரிய கோப்பில் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

சோதிக்க எளிய வழி: கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ரிசீவரின் ஐபி, அப்புறம் விண்டோஸ் என்றால் மைனஸ் டி. விக்கல் வரும்வரை ஓட விடுங்கள். 3, 4 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 800, அப்புறம் பதிலே இல்லை என்று வந்தால் கோளாறு வைஃபை வழியில்தான்.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மின்சாரம் எங்கிருந்து கொடுக்கிறீர்கள்? பக்கத்தில் என்னென்ன இருக்கிறது? ஒரு படம் போடுங்கள்.

#21 தாளம்தப்பி

படம் ஏறமாட்டேன் என்கிறது, சொல்கிறேன். ரிசீவர் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில். பெட்டி அதன் பின்னால், ஸ்பீக்கர் ஒயர்களுக்கும் எச்டிஎம்ஐ கேபிள்களுக்கும் நடுவில் தொங்குகிறது. மின்சாரம் ரிசீவரின் யூஎஸ்பியிலிருந்தே, தனி பிளக் வேண்டாம் பாருங்கள், அதுதான் என் கண்டுபிடிப்பு. மேல்தட்டில் டிவிக்கு மாட்டிய வெளி ஹார்ட் டிஸ்க்.

#22 பழையஆம்ப்

அந்தக் கண்டுபிடிப்புதான் உங்கள் இரண்டாவது தொல்லை தம்பி. ரிசீவர் ஸ்டாண்ட்பைக்குப் போனதும் யூஎஸ்பிக்கு மின்சாரம் நிற்கிறது. பெட்டி அணைந்துவிடுகிறது. ரிசீவரின் லேன் முழித்துக்கொண்டு காத்திருந்து என்ன பயன், நடுவில் உள்ள ஆள் தூங்கிவிட்டானே. கையால் ஆன் செய்ததும் பெட்டியும் உயிர் பெற்று ஒரு நிமிஷத்தில் வைஃபை பிடிக்கிறது, அதுதான் அந்த ஒரு நிமிஷத் தாமதம்.

விக்கலிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர். பெட்டியோடு வந்த அடாப்டரைப் பாருங்கள், 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் போட்டிருக்கும். தூரத்து ரூட்டரோடு முக்கி முக்கிப் பேசும்போது பெட்டிக்கு மூச்சு வாங்கும். தனி அடாப்டரில் போடுங்கள்.

#23 ஐபிசித்தர்

அண்ணா சொன்னதோடு இன்னும் இரண்டு. அந்த ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3.0 தானே? யூஎஸ்பி 3.0 ஓடும்போது கேபிளும் இணைப்பானும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. டிவியில் யாராவது ஹார்ட் டிஸ்கிலிருந்து படம் பார்க்கும்போதுதான் உங்களுக்கு விக்கல் வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது அந்த இரும்பு அலமாரி. பெட்டியை அதன் பின்னால் தொங்கவிட்டது, ரேடியோவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிலையம் சரியில்லை என்பது மாதிரி. ஒரு மீட்டர் லேன் ஒயர் போட்டுப் பெட்டியை அலமாரி மேலே, ரூட்டர் இருக்கும் பக்கம் பார்த்து வையுங்கள். பெட்டியின் பக்கத்தில் சிக்னல் பலம் மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் ஜம்மென்று இருக்கிறது, 67 வரை பாட்டுக்குத் தாராளம், 80-ஐத் தொட்டால் விக்கல்தான். ரூட்டரில் சேனலையும் 1, 6, 11 மூன்றில் காலியாக உள்ள ஒன்றில் நிறுத்துங்கள், இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. 12, 13 வேண்டாம், சில சாதனங்களுக்கு அவை கண்ணிலேயே படாது.

#24 செவிநுட்பம்

எல்லாம் சரி, ஆனால் வைஃபையில் வரும் சத்தம் ஒயரில் வருவதை விட மெலிந்துதான் இருக்கும். வீணையின் தந்தி அதிர்வு அடங்கும் இடத்தில் கவனித்தால் தெரியும். நல்ல காது இருந்தால்.

#25 ஐபிசித்தர்

கோப்பு வருவது பொட்டலம் பொட்டலமாக. ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எல்லாம் சேமிப்பில் வரிசையாக நின்ற பிறகுதான் ஒலியாக மாற்றும் சிப்புக்குப் போகிறது, அந்த இடத்தில் பொட்டலம் ஒயரில் வந்ததா காற்றில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வைஃபை கெட்டால் பாட்டு மெலியாது, நிற்கும். இவர் வீட்டில் நிற்கிறது.

#26 செவிநுட்பம்

கேட்டுப் பார்க்காமல் பேசுகிறவர்களோடு வாதம் செய்ய முடியாது.

#27 கம்பிக்கச்சேரி

ஒயர் மேல் என்று சொல்ல ஒரு ஆளாவது வந்தாரே என்று பார்த்தேன், ஆனால் இந்தக் காரணத்துக்காக ஆதரவு வேண்டாம் சார் :)

#28 நான்குமுனை

பவர்லைன் அடாப்டரை யாரும் சொல்லவில்லையே? மின்சார ஒயர் வழியாகவே நெட்வொர்க். எங்கள் வீட்டுச் சுவர்களில் வைஃபை போகாது, இதுதான் காப்பாற்றியது. சுவர் பிளக்கில் நேரடியாகச் சொருக வேண்டும், சர்ஜ் புரொடெக்டர் உள்ள நீட்டிப்புப் பலகையில் சொருகினால் பாதி சிக்னலை அதுவே தின்றுவிடும். இரண்டு முனையும் ஒரே மீட்டரின் கீழ் இருக்க வேண்டும். பழைய வயரிங் என்றால் வாங்குமுன் யாரிடமாவது கடன் வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

#29 தாளம்தப்பி

நேற்று முழுக்க உட்கார்ந்து செய்தேன். தனி அடாப்டர், ஒரு மீட்டர் ஒயர், பெட்டி இப்போது அலமாரி மேல். சிக்னல் முன்பு மைனஸ் 78, இப்போது மைனஸ் 59. ஹார்ட் டிஸ்க் விஷயம் சித்தர் சொன்னபடியேதான். டிவியில் படம் ஓடவிட்டுப் பிங் பார்த்தேன், எண்கள் எகிறின. டிஸ்கை மறுகோடிக்கு நகர்த்தினேன், அடங்கிவிட்டது. இரவு 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை இரண்டு மணி நேரம் ஓட விட்டேன், ஒரு விக்கல் இல்லை. காலையில் படுக்கையிலிருந்தே ரிசீவரை ஆன் செய்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். ரூட்டரின் பட்டியலில் 192.168.1.250, 192.168.1.41 இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) காட்டுகிறது. ரிசீவருக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கலாம் என்று ரிசீவரின் மேக்கை அடித்தேன், ரூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை.

#30 ஐபிசித்தர்

இது கோளாறு இல்லை. வைஃபையில் ஒரு சாதாரண கிளையன்ட் தன் மேக் முகவரியில்தான் பேச முடியும், பின்னால் இருப்பவரின் மேக்கைத் தூக்கிக்கொண்டு வர அது அனுப்பும் பொட்டலத்தில் இடமில்லை. அதனால் பல பிரிட்ஜ்கள் ரிசீவரின் மேக்குக்குப் பதில் தன் மேக்கைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் திரும்ப மாற்றிக் கொடுக்கும். ரூட்டருக்கு இருவரும் ஒருவராகவே தெரிவார்கள். ஒதுக்கீட்டை விட்டுவிடுங்கள், ரிசீவரின் மெனுவிலேயே டிஎச்சிபியை ஆஃப் செய்து ஐபியைக் கையால் கொடுங்கள், ரூட்டர் வழக்கமாகக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே ஒரு எண்ணாக. கேட்வே, டிஎன்எஸ் இரண்டிலும் ரூட்டரின் ஐபி.

விருந்தினர் வைஃபையில் பெட்டியைச் சேர்த்துவிடாதீர்கள், அதில் ஒருவரை ஒருவர் பார்க்க விடமாட்டார்கள், பழைய கூத்து திரும்ப வரும்.

#31 பழையஆம்ப்

தம்பி, ஃபர்ம்வேர் புதுப்பிப்பு என்று திரையில் ஏதாவது வந்தால் மட்டும் இந்தப் பெட்டி வழியாகச் செய்யாதீர்கள். நடுவில் அறுந்தால் சில மாடல் அதோடு படுத்துவிடும். ரிசீவரைத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் பக்கத்தில் வைத்து ஒயரில் செய்யுங்கள், இல்லை கம்பெனி தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கிச் செய்யுங்கள்.

#32 தாளம்தப்பி

அண்ணா, வந்தது, நேற்றே வந்தது. பென்டிரைவ் வழி என் மாடலில் இல்லை, தூக்கிக்கொண்டுதான் போனேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. நாற்பது நிமிஷம் அந்தச் சின்னத் திரையில் சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், 87-இல் நின்றபோது எனக்கும் மூச்சு நின்றது. முடிந்தது. திரும்பக் கொண்டுவந்து எல்லா ஒயரும் மாட்டிவிட்டேன். நெட்வொர்க், ஆப், ரேடியோ எல்லாம் சரி.

ஆனால் படத்தில் பின்னால் கேட்க வேண்டிய மழைச் சத்தம் இப்போது முன்பக்கம் இடது ஸ்பீக்கரில் கொட்டுகிறது. வில்லன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுகிறார்.

#33 கம்பிக்கச்சேரி

அதற்குத் தனி இழை.